உள்ளே காலி

அரசாங்க வண்டிகளுக்கான பழுது அறிக்கைப் படிவத்தில் என்ஜினுக்கு ஒரு கட்டம் உண்டு. அளவுக்கு மீறிச் சூடாகிறது, புகைகிறது, சத்தம் போடுகிறது, எண்ணெய் ஒழுகுகிறது என்று நான்கு குறைகளை அச்சிட்டிருப்பார்கள். பொருந்தாதவற்றை அடித்துவிட வேண்டும். சூடாகவே மாட்டேன் என்கிற என்ஜினுக்கு அதில் இடமில்லை. தீவு நிர்வாகத்தில் முப்பது வருடத்துக்கு மேல் குப்பை கொட்டி, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவள் என்ற தகுதியில் சொல்கிறேன்: படிவத்தில் இடமில்லாத குறை, குறையே அல்ல.

இது தெரியாமல் என் அப்பா அந்தப் படிவத்தின் ஓரத்தில், தனக்குத் தெரிந்த நாலைந்து ஆங்கில வார்த்தைகளைக் கோத்து, என்ஜின் சூடாகவில்லை என்று எழுதி அனுப்பினார். மூன்றாம் நாள் அது திரும்பி வந்தது. சூடாகாமலிருப்பது திருப்திகரம், நடவடிக்கை தேவையில்லை என்று சிவப்பு மையில் குறிப்பு. எழுதியவரை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பேன். கையெழுத்து மட்டும் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

அறுபதுகளின் பிற்பகுதி. எனக்கு எட்டு வயது. அப்பா ஒரு துறையில் ஜீப் ஓட்டினார். எந்தத் துறை என்பது இங்கே தேவையில்லை; எல்லாத் துறைகளுக்கும் ஒரே மாதிரி ஜீப், ஒரே மாதிரி படிவம். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்து, ஜங்லிகாட்டில் மேட்டுமேல் இரண்டு அறை வீட்டில் அப்பா, அம்மா, நான் மூவரும் இருந்தோம். அப்பா தற்காலிக ஓட்டுநர். அவருடைய பணியிடம் அந்த ஒரு ஜீப்பின் பேரில் அனுமதிக்கப்பட்டது. ஜீப் இருக்கிறவரை அப்பா இருப்பார். ஜீப்பைக் கண்டம் செய்துவிட்டால், அதாவது இனி உதவாது என்று எழுதித் தள்ளிவிட்டால், அடுத்த கப்பலில் மூன்று டிக்கெட். அம்மாவுக்குக் கண்டம் என்றால் ஜாதகத்தில் உயிருக்கு வருகிற ஆபத்து மட்டும்தான் தெரியும். ஜீப்புக்குக் கண்டம் என்று அப்பா சொன்னதும் அவள் விளக்கேற்றிக் கும்பிட்டாள். அவளுக்குத்தான் விஷயம் சரியாகப் புரிந்திருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

ஜீப்பின் நோய் மழையோடு வந்தது. காலையில் கிளப்பும்போது சோக் குமிழை இழுத்து என்ஜினுக்குப் பெட்ரோலைக் கூடுதலாகக் குடிக்கக் கொடுக்க வேண்டும். சூடேறியதும் உள்ளே தள்ளிவிட வேண்டும். இந்த ஜீப்பில் குமிழைத் தள்ளினால் வண்டி இருமிக்கொண்டே நின்றுபோகும். அதனால் அம்மாவின் துணிக் கிளிப் ஒன்றை மாட்டிக் குமிழை இழுத்தபடியே வைத்து அப்பா பெரார்கஞ்ச் வரை ஓட்டினார். பின்னால் கரும்புகை. சூட்டைக் காட்டும் முள் இடது ஓரத்தில் படுத்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவே இல்லை. மழைக்குள் இறக்கத்தில் போகும்போது வண்டி இரண்டு முறை நடுவழியில் நின்றது. இரண்டாவது முறை உள்ளே ஓவர்சியர் இருந்தார். அவர் வங்காளி, பொறுமைசாலி, ஆனால் நனைந்துவிட்டார். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு நேரில் வந்து வண்டியைக் கிளப்பிப் பார்ப்பதாகவும், தேறாது என்றால் அன்றைக்கே கண்டத்துக்கு எழுதுவதாகவும் சொல்லிவிட்டுப் போனார்.

அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். அம்மாவின் தம்பி. தீவுகளுக்கிடையே ஓடும் படகொன்றில் என்ஜின் அறையில் எண்ணெய் போடுகிறவர். படகு கரைக்கு வந்தால் எங்கள் வீட்டுக்கு வந்து இரண்டு நாள் தூங்குவார், விழித்திருக்கும் நேரத்தில் பொய் சொல்வார். நிக்கோபாரில் ஒரு ஆமையின் முதுகில் நான்கு பேர் உட்கார்ந்து சீட்டாடியதாகவும், ஆட்டம் முடிவதற்குள் அது பக்கத்துத் தீவுக்குப் போய்விட்டதாகவும் எனக்குச் சொல்லியிருந்தார். அப்பா நேர் எதிர். அவர் வாயிலிருந்து பொய் வந்து யாரும் கேட்டதில்லை. பொதுவாக எதுவுமே அவ்வளவாக வந்ததில்லை. மாமா பேச ஆரம்பித்தால் அப்பா எழுந்து போய்ச் சக்கரங்களில் காற்று சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார்.

அன்றைக்கு அம்மாதான் தம்பியைத் தூக்கத்திலிருந்து எழுப்பினாள். மாமா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, வண்டியை ஒருமுறை சுற்றி வந்து, ஓட்டிப் பார்க்கலாம் என்றார். என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். சௌல்தாரி வரை போய்த் திரும்பினோம். மாமா வழியெல்லாம் பேசவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

வீட்டுக்குக் கீழே வந்து நின்றதும், என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே மாமா ரேடியேட்டர் மூடியைத் திறந்தார். அப்பா என்னைப் பின்னுக்கு இழுத்தார். ஓடி வந்த வண்டியின் ரேடியேட்டரைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும் என்பது எனக்கே தெரியும். ஒன்றும் அடிக்கவில்லை. மாமா விரலை உள்ளே விட்டார். கொஞ்ச நேரம் அங்கேயே வைத்திருந்தார்.

"கைப்புள்ளைய இதுல குளிப்பாட்டலாம் மச்சான்," என்றார். "மீட்டரு பொய் சொல்லல. நெசமாவே சூடு இல்ல."

பிறகு எண்ணெய் ஊற்றும் மூடியைத் திருப்பிக் கழற்றி எங்களிடம் காட்டினார். அடியில் வெள்ளையாக, கெட்டியாக, ஆடைத் தயிர் போல ஏதோ அப்பியிருந்தது. கறுப்பு எண்ணெய் இருக்க வேண்டிய இடத்தில் தயிர். என்ஜின் நன்றாகக் காய்ந்தால் உள்ளே சேரும் ஈரம் ஆவியாகிப் போய்விடும், காயாததால் அது எண்ணெயோடு கலந்து இப்படித் திரிந்திருக்கிறது என்று மாமா சொன்னார். அவர் சொன்னதில் ஆமையும் இல்லை, சீட்டாட்டமும் இல்லை. அப்பா குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

என்ஜினை நிறுத்தி, சமையல் ஆகிற நேரம் வரை ஆறவிட்டார்கள். மறுபடி கிளப்புவதற்கு முன் மாமா என்னைக் கூப்பிட்டு, என்ஜினிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் மேல் ரப்பர் குழாயில் என் உள்ளங்கையை வைத்தார். விசிறியிலிருந்து என்னைத் தள்ளி நிறுத்தித் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"எண்ணிக்கிட்டே இரு மருமகளே. எப்ப சூடாவுதுன்னு சொல்லு."

எங்கள் பள்ளிக்கூடத்தில் எல்லாம் இந்தியில்தான். அதனால் ஏக், தோ என்று எண்ணினேன். இருபதிலேயே குழாய் இளஞ்சூடாகத் தொடங்கிவிட்டது. நூறு ஆனபோதும் அதே இளஞ்சூடுதான். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மாமா தலையை ஆட்டினார். நல்ல என்ஜின் என்றால் இந்தக் குழாய் ரொம்ப நேரம் ஜில்லென்று இருக்க வேண்டுமாம். தண்ணீரை வெளியே விடாமல் உள்ளேயே பிடித்துவைத்துக் காய்ச்சி, போதும் என்கிற சூடு வந்த பிறகே வாசலைத் திறக்குமாம். அப்போது குழாய் சட்டென்று கையைச் சுடும். இந்த என்ஜினுக்கு வாசல் திறந்தே கிடக்கிறது.

ஒரு ரப்பர் குழாயைத் தொட்டே இரும்புக்குள் நடப்பதைச் சொல்ல முடியும் என்பது என்னை வாயடைக்க வைத்தது. அதற்கு முன்பும் பின்பும் நிறைய மருத்துவர்கள் என் கையைப் பிடித்துப் பார்த்திருக்கிறார்கள். அந்த அளவுக்கு யாரும் கவனமாகப் பிடித்ததாக நினைவில்லை.

குழாய் சேரும் இடத்தில் ஒரு சிறிய இரும்புக் கூடு இருந்தது. மாமா அதன் இரண்டு போல்ட்டுகளைக் கழற்றித் தூக்கினார். வாசற்கதவு இங்கேதான் இருக்கும், தெர்மோஸ்டாட் என்று பெயர், அது திறந்தபடியே மாட்டிக்கொண்டிருக்கும் என்று சொல்லிக்கொண்டே தூக்கியவர் பேச்சை நிறுத்தினார். நானும் எட்டிப் பார்த்தேன். உள்ளே கொஞ்சம் துருத்தண்ணீர் இருந்தது. வேறு ஒன்றும் இல்லை.

மாமா நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தார்.

"மச்சான். இது எப்ப?"

அப்பா சொன்னார். "பங்குனியில. பெரார்கஞ்ச் ஏத்தத்துல கொதிச்சுருச்சு. ரெண்டு ஆபீசருங்க, ஒரு சாக்குப் பூசணிக்கா. கழட்டி வீசிட்டுத் தண்ணி ஊத்தி ஓட்டிட்டு வந்தேன். ஊர்ல எல்லா வண்டியிலயும் கழட்டித்தான மாப்ள ஓட்டுறோம். குளிர் தேசத்துக்காரன் வைக்கிற சாமான்தான அது."

"ஊர்ல வருசத்துல எட்டு மாசம் மழை பெய்யுதா?"

வெயில் காலம் இருந்தவரை ஜீப் அந்தச் சாமான் இல்லாமலே சமாளித்திருக்கிறது. மழை வந்து ரேடியேட்டரில் விடாமல் அடிக்கத் தொடங்கியதும் குளிர்ந்துபோய்விட்டது. இடையில் இரண்டு மாதம் ஓடிவிட்டதால் ஒன்றையும் மற்றொன்றையும் அப்பா சேர்த்தே பார்க்கவில்லை.

"யாருக்குத் தெரியும்?" என்று மாமா கேட்டார்.

"யாரும் கேக்கல. நானும் எழுதிக் குடுக்கல."

எழுதிக் கொடுக்காமல் அரசாங்க வண்டியின் பாகத்தைக் கழற்றினால் அது அரசுடைமையைச் சேதப்படுத்திய குற்றம். தற்காலிக ஊழியர் என்றால் விசாரணைகூட வேண்டாம். ஒரு வரிக் கடிதம் போதும். பின்னாளில் என் மேசைக்கே அப்படி ஒரு கோப்பு வந்தது. ஏதோ ஒரு ஓட்டுநர், ஏதோ ஒரு பாகம். விதி எண்ணைக் குறிப்பிட்டு, பணிநீக்கத்துக்குப் பரிந்துரை எழுதி, நாடாவால் கட்டி மேலே அனுப்பிய பிறகுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வந்தது. அனுப்பிய கோப்பைத் திரும்பக் கேட்கவும் ஒரு நடைமுறை உண்டு. கேட்டேன்.

மாமா சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். சந்தைப் பக்கம் ஒரு கடைக்கார பாய், ஏலத்தில் எடுத்த இரண்டு செத்த ஜீப்புகளைக் கொல்லையில் போட்டுவைத்திருந்தார். கோழிகள் அவற்றுக்குள்தான் முட்டையிட்டன. மாமா என்ன சொல்லி வாங்கினாரோ, ஒரு மணி நேரத்தில் கோழி எச்சம் ஒட்டிய லுங்கியோடும் இரண்டு பித்தளைச் சாமான்களோடும் திரும்பினார். ஒவ்வொன்றும் எலுமிச்சம்பழ அளவு. அடியில் ஆர்மோனியத் துருத்தி போல மடிப்பு மடிப்பாக ஒரு சிறு டப்பா. மேலே காலணா அளவில் ஒரு தட்டு. ஒன்றில் தட்டு இறுக மூடியிருந்தது. மற்றொன்றில் வாய் பிளந்திருந்தது.

அம்மா வெந்நீர்ப் பாத்திரத்தைக் கொடுத்தாள். மாமா அதை மண்ணெண்ணெய் அடுப்பில் வைத்து, இரண்டையும் தையல் நூலில் கட்டி, ஒரு குச்சியைக் குறுக்கே வைத்துத் தண்ணீருக்குள் தொங்கவிட்டார். நாங்கள் நான்கு பேரும் அடுப்பைச் சுற்றிக் குந்தினோம். அம்மாகூட அரிவாள்மணையை விட்டுவிட்டு வந்துவிட்டாள்.

ஒன்றும் நடக்கவில்லை. பாத்திரத்தின் அடியில் சின்னச் சின்னக் குமிழிகள் ஒட்டின. ஆவி எழுந்தது. எனக்குக் கால் மரத்தது. தண்ணீர் கொதிக்க இன்னும் நேரமிருந்தது. அப்போது, மூடியிருந்த பித்தளைத் தட்டு அசைந்தது. நூலில் பட்ட காற்று என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை. தட்டு மெதுவாக, மிக மெதுவாக, தானே உயர்ந்தது. அதைச் சுற்றி ஒரு மயிரிழை இடைவெளி விழுந்தது; பிறகு அரிசி நுழைகிற இடைவெளி; பிறகு என் சுண்டுவிரல் நுழையலாம் என்கிற அளவு. சாவி இல்லை, விசை இல்லை, யாருடைய கையும் இல்லை. இந்தச் சூடு போதும் என்று அந்தப் பித்தளைக்குத் தெரிந்திருந்தது.

மாமா குச்சியைத் தூக்கி அதை வெளியே காற்றில் பிடித்தார். சொட்டுகள் உதிர, அது வந்த வழியே திரும்பிப் போய் வாயை மூடிக்கொண்டது. இன்னொரு முறை என்று கேட்டேன். இன்னொரு முறை காட்டினார். அம்மாவும் ஒருமுறை கேட்டாள். கோயில்களில், கப்பல் மேல்தளத்தில், முதல்முதலாக விமான ஜன்னலில் என்று வாழ்க்கையில் பல இடங்களில் வியக்க வேண்டியவற்றைப் பார்த்து முறையாக வியந்திருக்கிறேன். இன்னொரு முறை காட்டு என்று கேட்டது அந்த மண்ணெண்ணெய் அடுப்பின் முன்னால் மட்டும்தான்.

மற்றது, வாய் பிளந்தது, கொதிநீரிலும் வெளியிலும் ஒரே மாதிரி பிளந்தபடியே இருந்தது. துருத்தியில் ஓட்டை, செத்துவிட்டது என்றார் மாமா. செத்ததை ஏன் துடைத்துப் பத்திரமாகச் சட்டைப்பையில் போடுகிறார் என்று எனக்குப் புரியவில்லை.

உயிருள்ளதைக் கூட்டுக்குள் வைத்து, காலண்டர் அட்டையை வெட்டிக் கிரீஸ் தடவி இடுக்கில் கொடுத்து, போல்ட்டுகளை முடுக்கினார்கள். எண்ணெயையும் மாற்றினார்கள். அப்பா கிளப்பினார். நான் கேட்காமலே போய்க் குழாயில் கையை வைத்தேன். நூறு எண்ணியும் ஜில்லென்றே இருந்தது. இருநூற்றுச் சொச்சத்தில் அது என் கையைச் சுட்டது. வண்டிக்குள் ஓடிப் பார்த்தால் முள் எழுந்து நடுவில் நின்றிருந்தது. அப்பா துணிக் கிளிப்பைக் கழற்றி, குமிழை உள்ளே தள்ளினார். என்ஜின் இருமவில்லை. சீராக, தாழ்ந்த குரலில் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா இரண்டு கைகளையும் ஸ்டீயரிங்கில் வைத்தபடி அந்த முள்ளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

திங்கட்கிழமை ஏழு மணிக்கு ஓவர்சியர் குடையோடு வந்தார். வண்டி கிளம்பியது, புகை வரவில்லை, முள் ஏறியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஓவர்சியர் முகம் மலர்ந்தது. எழுதுகிற வேலை மிச்சம் என்றால் எந்த அதிகாரிக்கும் முகம் மலரும். ஆனால் அவர் முறை தெரிந்தவர். என்ன பழுது என்று கேட்டார். மாமா தன் படகு இந்தியில் சொன்னார்: வால்வு திறந்தபடியே மாட்டிக்கொண்டது, மாற்றிவிட்டேன்.

"புரானா வாலா கிதர் ஹை?"

பழையது எங்கே. புதியது வேண்டும் என்றால் பழையதைக் காட்ட வேண்டும்; இன்றைக்கும் அதுதான் முறை. மாமா சட்டைப்பையில் கைவிட்டு, வாய் பிளந்த பித்தளையை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார். ஓவர்சியர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

இவ்வளவு பெரிய வேலையைச் செய்த மாமா இவ்வளவு சின்ன விஷயத்தில் தப்பாகச் சொல்கிறாரே என்று எனக்குப் பட்டது. மறந்திருப்பார், உதவலாம் என்று நினைத்தேன்.

"மாமா, இது கோழி படுக்குற வண்டியோடதுல்ல?" என்றேன் உரக்க. "நம்மளோடதுல உள்ள காலியாத்தான இருந்துச்சு."

ஓவர்சியருக்குத் தமிழ் ஒரு சொல்கூடத் தெரியாது. ஆனால் நான் சொன்னதில் ஒரு சொல் தமிழுக்கும் இந்திக்கும் பொது. அதை அவர் பிடித்துக்கொண்டார்.

"காலி?" என்றார் என்னைக் குனிந்து பார்த்து. பிறகு அப்பாவிடம், "க்யா காலி?"

மாமா வாயைத் திறந்தார். அந்த வாய்க்கு ஆமையும் கடலும் சாதாரணம். அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. ஓவர்சியர் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அப்பாவின் காது மடல்கள் சிவந்ததைப் பார்த்தேன்.

"பேட் காலி போல்தா, சாப்," என்றார் அப்பா.

வயிறு காலி என்கிறாளாம். நான் மூன்று தோசை தின்றுவிட்டு நின்றிருந்தேன். மறுக்க வாயெடுப்பதற்குள் ஓவர்சியர் சிரித்துவிட்டார். குழந்தையைப் பட்டினி போட்டுவிட்டு வண்டிக்கு வைத்தியம் பார்க்கிறீர்களா என்று மாமாவின் முதுகில் தட்டினார். மேட்டிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, அந்த மூன்று தோசைகளையும் தன் கையாலேயே சுட்டுப் போட்டவள், உள்ளே போய்த் தட்டில் நான்காவது தோசையோடு இறங்கி வந்தாள். ஓவர்சியர் முன்னிலையில் நான் அதைத் தின்ன வேண்டியதாயிற்று. அவர் செத்த பித்தளையைக் காகிதத்தில் மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, கண்டம் பற்றிப் பேசாமல் ஜீப்பில் ஏறினார். மாமா நண்பகல் படகுக்குக் கிளம்பிப்போனார். போகும்போது என் தலையை அழுத்திவிட்டுப் போனார்.

நாள் முழுவதும் எனக்கு வயிறும் மனமும் கனத்தன. நடந்தது என்ன என்று யோசித்து, பள்ளிக்கூடம் விடுவதற்குள் முடிவுக்கு வந்துவிட்டேன். மாமா மறதியால் தப்பாகச் சொன்னார். அப்பாவோ பொய் சொல்கிறவர் இல்லை. ஆகவே அப்பாவுக்கு இந்தி போதாது. 'உள்ளே' என்பதற்கு இந்தி தெரியாமல் 'வயிறு' என்று சொல்லிவிட்டார். பெண் பிள்ளை சொன்னதை 'போல்தா' என்று வேறு சொன்னார்.

சாயங்காலம் அப்பா வேலை முடிந்து வந்து காலைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்ததும், எதிரில் போய் உட்கார்ந்து பாடத்தை ஆரம்பித்தேன். ஆண் என்றால் போல்தா, பெண் என்றால் போல்தி. வயிறு பேட். உள்ளே என்பதற்கு அந்தர். நான் சொன்னதைச் சரியாகச் சொல்வதென்றால், அந்தர் காலி தா, உள்ளே காலியாக இருந்தது. சொல்லுங்கள்.

அப்பா என்னைப் பார்த்தார். அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது.

"அந்தர் காலி தா," என்றார்.

விழுங்குகிறீர்கள், நிறுத்திச் சொல்லுங்கள் என்றேன். நிறுத்திச் சொன்னார். ஓவர்சியரிடம் சொல்லும்போது இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும் என்றேன். சரி என்பதுபோல் தலையசைத்துவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு, நேற்று குழாய் சுட்ட இடத்தைக் கட்டைவிரலால் தடவியபடி, மூன்றாவது முறையும் சொன்னார். உச்சரிப்பில் பிழையே இல்லை. குரல் மட்டும் கம்மியிருந்தது. மழையில் நனைந்த சளி என்று எடுத்துக்கொண்டு, நீங்கள் பாஸ் என்று சொல்லி விளையாட ஓடிவிட்டேன்.